வெளிச்சுற்று

வில்லியனூரிலிருந்து சைக்கிளில் திருவண்ணாமலைக்குப் போய், மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அன்றைக்கே வீடு திரும்புவது எங்கள் குழுவில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியம். எல்லாம் சேர்த்து இருநூறு கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். அதில் தொடர்ந்து இரண்டு வருஷம் பாதியில் திரும்பியவன் நான். நான் மட்டும் திரும்பியிருந்தால் அது என் பாடு என்று விட்டிருப்பேன். கூடவே என் ஜோடியான பாகூர்க்காரரையும் இரண்டு தடவை திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தூரப் பயணம் என்றால் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ப்பார்கள். ஒருத்தர் திரும்பினால் அவருடைய ஜோடியும் திரும்ப வேண்டும். முன்பு ஒருவர் தனியாகத் திரும்பி வரும் வழியில் மயங்கி, வாய்க்கால் ஓரத்தில் வெகுநேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. ஜோடி சேர்ப்பவர் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான். எனக்கு அவர் பாகூர்க்காரரைக் கொடுத்தார். பாகூர்க்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. கரும்பும் நெல்லும் வைத்திருப்பவர். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், என்னைவிட நன்றாக மிதிப்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீடு ஒதியம்பட்டில். வில்லியனூரில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு எதை எடுத்தாலும் கவலை. காயில் கட்டி முடித்தால் வார்னிஷ் ஊற்றி, உள்ளே பல்பு எரிகிற ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் காயவைப்போம். முதல் வருஷம் விழுப்புரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பல்பை அணைத்தேனா என்று தோன்றியது. தோன்றிவிட்டால் எனக்கு அப்புறம் ரோடு தெரியாது, தீப்பிடித்த கடைதான் தெரியும். திரும்பிவிட்டேன். பல்பு அணைந்துதான் இருந்தது. அடுத்த வருஷம் வேட்டவலம் வரைக்கும் போனோம். பின்னால் கிழக்கே வானம் கறுத்திருந்தது. கடையில் தரையில் வைத்திருந்த மோட்டார்களுக்குள் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பினேன். வில்லியனூரில் வெயில் அடித்தது.  இரண்டு தடவையும் பாகூர்க்காரர் வழியில் நிறுத்தி வாழைப்பழம் வாங்கித் தந்தார், தின்றுவிட்டு வந்து சேர்ந்தோம். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

குழுவில் பண்டசோழநல்லூரிலிருந்து வருகிற அண்ணன் தம்பி இரண்டு பேர் உண்டு. அவர்கள்தான் எனக்கு ‘சுவிட்சு’ என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றாவது வருஷம், பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பாகூர்க்காரர் தன்னுடைய போர்வெல் மோட்டாரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மோட்டாரை இறக்கிவிட்டு உடனே போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்காரும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்தேன். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டதாம். வலது முட்டியை முதலில் மாற்றப் போகிறார்களாம். மாடிப்படி ஏறக்கூடாது, நெடுந்தூரம் நடக்கக்கூடாது, சைக்கிள் மட்டும் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு சைக்கிள் ஓட்டலாமா என்று இவர் கேட்டதற்கு ‘பார்க்கலாம்’ என்றாராம்.

“டாக்டரு பாக்கலாம்னு சொன்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? குழுவுல எல்லாரும் மலையச் சுத்திட்டாங்க. நீயும் நானுந்தான் பாக்கி. இந்த வருசம் சுத்திட்டுப் போயி ஆஸ்பத்திரில படுத்துக்கறேன். நீ திரும்பிடாதப்பா. அவ்ளோதான் நான் கேக்கறது.”

அன்றைக்குச் சாயங்காலமே மாஸ்டரிடம் போய், அவருக்கு வேறு ஜோடி போடுங்கள் என்றேன். முட்டி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, பாகூர்க்காரர் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோடியை மாற்றினால் நான் ஜென்மத்துக்கும் திருவண்ணாமலை போய்ச் சேரமாட்டேன் என்றார். அதோடு விடாமல், இந்தத் தடவை தேதி குறிப்பது, வழி எழுதுவது எல்லாம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். “நீ எந்தத் தேதிக்கு பயப்படலியோ அந்தத் தேதியச் சொல்லு, போலாம்” என்றார்.

அந்த ஒரு மாதம் நான் செய்த வேலையைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் மேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, பழைய நோட்டுத் தாளில் எழுதினேன். எங்கெங்கே பஞ்சர் கடை, ஞாயிற்றுக்கிழமை எது திறந்திருக்கும், எந்த ஊரில் ஆஸ்பத்திரி, எந்த வளைவில் மணல் கொட்டிக் கிடக்கும் என்று லாரிக்காரர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரு இடத்தில் மறியல் நடந்து ரோட்டை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. உடனே ஒவ்வொரு பகுதிக்கும் மாற்று வழி பார்த்தேன். மலை சுற்றும் ரோட்டுக்குக்கூட ஒன்று பார்த்து வைத்தேன். என் கையெழுத்து கோணல். ஆனால் எழுதினதில் விட்டுப்போனது என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேதிக்கு மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்தேன். வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தூக்கி, ராகு காலம் நாலரை முதல் ஆறு, எமகண்டம் பன்னிரண்டு முதல் ஒன்றரை என்று குறித்துக்கொண்டேன். அந்த நேரங்களில் எங்கிருந்தும் புறப்படாமல் இருக்கும்படி ஓய்வு நேரங்களை அமைத்தேன். தூக்கிய தாளைக் கீழே விட்டுவிட்டேன்.

காலை நாலு மணிக்கு வில்லியனூரில் ஆறு பேர் கூடினோம். மாஸ்டரும் அரியாங்குப்பத்திலிருந்து வருகிற பேங்க் மேடமும் ஒரு ஜோடி, அண்ணன் தம்பி ஒரு ஜோடி, நானும் பாகூர்க்காரரும் ஒரு ஜோடி. புறப்படும் முன் மாஸ்டர் என்னிடம், கடையில் எல்லாம் சரிதானே என்றார். நான் போனைக் காட்டினேன். பல்புப் பெட்டி சுவிட்சு, மெயின் சுவிட்சு, ஷட்டர் பூட்டு, வீட்டு கேஸ், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். தம்பிக்காரன் வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, கல்யாண ஆல்பம் மாரி கீது” என்றான்.

கண்டமங்கலம் வரைக்கும் நேர் மேற்கே போகிற ரோடு. எங்களுக்கு எதிரே, ரோட்டு முனையில், நிலா இறங்கிக்கொண்டிருந்தது. பெரிசாக, வட்டமாக, எங்கள் ஹெட்லைட்டே தேவையில்லை என்கிற மாதிரி வெளிச்சம். மேடம் சைக்கிளை நிறுத்திப் போட்டோ எடுத்தார். இன்றைக்கு நிலாவே நமக்குப் பைலட் என்று மாஸ்டர் சொன்னார். நான்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்து, மேகம் இல்லை, நல்லது என்று நினைத்தேன்.

விழுப்புரத்தில் விடிந்தது. அங்கிருந்து ரோடு மெதுவாக ஏறும், இறங்கும். வேட்டவலத்தில் இட்லி சாப்பிட நிறுத்தினோம். போன வருஷம் நான் திரும்பிய ஊர்.  போனை எடுத்து சுவிட்சுப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அணைந்திருந்தது. இது இன்றைக்கு எடுத்ததுதானா என்று சந்தேகம் வந்தது. அதையும் பார்த்தேன், இன்றைக்கு மூன்று இருபதுக்கு எடுத்தது. பாகூர்க்காரர் எதிரே உட்கார்ந்து சட்னியைத் தொட்டுக்கொண்டே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா, கட அங்கியே கீதா?”

“கீதுண்ணா.”

“அப்ப இன்னும் ரெண்டு இட்லி சொல்லு.”

நான் சொன்னேன். போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். வேட்டவலத்தைத் தாண்டிய முதல் கிலோமீட்டரில் எனக்கு வந்த தெம்பு அதற்கு முன்னால் வந்ததில்லை. அந்த ரோட்டை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு கல்லும் புதிசு.

மலை முதலில் நீலமாகத் தெரிந்தது, பிறகு சாம்பலாக. ஊருக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே பஸ்கள் வரிசையாக எங்களைத் தாண்டிப் போயின. எல்லாவற்றிலும் படிக்கட்டு வரைக்கும் ஜனம். இன்றைக்கு என்ன விசேஷம் என்று மேடம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. புறவழிச் சாலை சந்திப்பில் டீக்கடைக்காரரைக் கேட்டோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல் பௌர்ணமி பிறக்கிறது, நாளைக் காலை வரைக்கும் கிரிவலம் என்றார்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். பௌர்ணமி வட்டம் திங்கட்கிழமைத் தாளில் அச்சாகியிருந்திருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைத் தாளை மட்டும் தூக்கிப் பார்த்தவன். அதிலும் சின்ன எழுத்தில் திதி மாறுகிற நேரம் போட்டிருக்கும். ராகு காலத்தைப் பார்த்த கண்ணுக்கு அது படவில்லை.

அண்ணன்காரன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “நெலாவ பாத்துக்கினேதானேடா வந்தோம்” என்று தம்பியிடம் சொன்னான். மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்திப்பில் தடுப்பு போட்டிருந்தார்கள். அங்கே நின்ற போலீஸ்காரரிடம் மாஸ்டர் போய்ப் பேசினார். புதுச்சேரி பக்கத்திலிருந்து மிதித்து வந்திருக்கிறோம், ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு ஓடிவிடுகிறோம் என்றார். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். கிரிவலப் பாதையில் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை, சைக்கிளும் வண்டிதான், ஓரமாகப் பூட்டிவிட்டு எல்லாரையும் போல் நடந்து சுற்றுங்கள், பதினாலு கிலோமீட்டர்தானே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ரோடு முழுக்கத் தலைதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு போகிறார்கள், செருப்பில்லாமல் போகிறார்கள், அதற்குள் யார் சைக்கிளை விடுவார்கள்.

நடக்கலாம் என்று மேடம் சொன்னார். எங்கள் ஷூவில் அடிப்பக்கம் பெடலைக் கவ்வுகிற தகடு இருக்கும், அதோடு நடந்தால் வழுக்கும். கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்போம், அதுதானே முறை என்றார். மாஸ்டர் சரி என்றார். அண்ணன் தம்பி ஷூவைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார்கள்.

பாகூர்க்காரர் சந்திப்பை ஒட்டிய சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தார். மலையைப் பார்த்தார். அது நூறு பேர் தலைக்கு மேல், வெயிலில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி இருந்தது.

“நீங்க நடந்து சுத்திட்டு வாங்க. நான் இங்க குந்திகினு சைக்கிளுங்கள பாத்துக்கறேன்” என்றார்.

முட்டி விஷயம் மற்றவர்களுக்குத் தெரியாது. சோம்பல் என்று நினைத்துத் தம்பிக்காரன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவர் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு என்னிடம் மட்டும், நீயும் போயிட்டு வா, நான் எங்கே ஓடிவிடப் போகிறேன் என்றார். இந்தத் தடவை நான் பயந்து திரும்பவில்லை. ஆனாலும் மூன்றாவது தடவையும் அவர் சுற்றாமல் போவதற்கு நான்தான் காரணம். இதை ஒத்துக்கொண்டு அந்தச் சுவரில் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

வழி எழுதிய தாளை எடுத்தேன். பிளாஸ்டிக் கவரில் போட்டு முதுகுப் பாக்கெட்டில் வைத்திருந்தேன், வியர்வை படாமல் இருந்தது. மறியல் நடந்தால் என்று எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பினேன். புறவழியில் தெற்கே போய், செங்கம் ரோட்டைப் பிடித்து, கிரிவலப் பாதை பிரிகிற இடத்தைத் தாண்டி வெளியே போக வேண்டும். பிறகு கிராமத்து ரோட்டில் வடக்கே திரும்பி காஞ்சி ரோட்டைக் குறுக்கே தாண்டி, வேலூர் ரோட்டில் ஏறி, மறுபடி புறவழியாக இதே சந்திப்புக்கு வரலாம். போனில் விரலால் அளந்து எழுதியது.

“கொஞ்சம் பெருசா சுத்தணும்ணா” என்றேன். “முப்பத்தாறு கிலோமீட்டர் வரும். ஒரு எடத்துலயும் எறங்கத் தேவல்ல.”

அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“மல எந்தப் பக்கம் இருக்கும்?”

“வலது பக்கம். பூரா வழியும் வலது பக்கந்தான்.”

“அப்ப சுத்துதான்” என்று எழுந்தார்.

நான் அப்போது மற்றவர்களிடம் முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்றிருந்தார், சொன்னேன். அண்ணன் தம்பி ஷூவை மறுபடி மாட்டினார்கள். மாஸ்டர் எப்போதும் முன்னால் போகிறவர். அவர் தன் சைக்கிளை ஓரமாகத் தள்ளி எனக்கு வழிவிட்டு, வழி தெரிந்தவன் முன்னால் போ என்றார். குழுவில் சேர்ந்ததிலிருந்து நான் முன்னால் போனது அதுதான் முதல் தடவை.

முன்னால் போகிறவனுக்குக் காற்று முழுக்க நெஞ்சில் அடிக்கும். பள்ளம் வந்தால் கையை நீட்டிப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். நான் காட்டியதில் பாதி பள்ளமே இல்லை, நிழல்தான். யாரும் குறை சொல்லவில்லை. செங்கம் ரோட்டில் கூட்டத்தைத் தாண்டியதும் பஸ் சத்தம் அடங்கியது. வடக்கே திரும்பி கிராமத்து ரோட்டில் இறங்கியபோது மலை எங்களுக்காகத் திரும்பி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கிழக்கேயிருந்து பார்த்தால் ஒற்றைக் கூம்பு. இந்தப் பக்கம் மடிப்பு மடிப்பாக, நாலைந்து தலையோடு தெரிந்தது. இப்படி ஒரு முகம் அதற்கு இருக்கிறது என்று நாலு தடவை சுற்றிய மாஸ்டருக்கே தெரியாது. நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி பாகூர்க்காரரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்துகொண்டு வலது பக்கமே பார்த்துக்கொண்டு மிதித்தார். ரோட்டைப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு ஏரியை நெருங்கும்போது தார் முடிந்தது. புதிசாக ரோடு போடுகிறார்கள். ஜல்லியைப் பரப்பி, மேலே ஒன்றும் போடாமல் விட்டிருந்தார்கள். எங்கள் சைக்கிள் டயர் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், ஜல்லியில் இரண்டு சுற்று சுற்றினால் கிழிந்துவிடும். எதிரே மொபெட்டில் வந்த அம்மாவைக் கேட்டோம். ஏரிக்கரை முடிகிற வரைக்கும் இப்படித்தான், இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது என்றார்.

மாஸ்டர் இறங்கித் தள்ளலாம் என்றார். எங்களுக்குச் சரி. பாகூர்க்காரருக்கு? சாதாரண ரோட்டிலேயே நடக்கக்கூடாது என்றிருக்கிறார்கள், இது ஜல்லி. தாளைப் பார்த்தேன். அதில் இந்த இடத்துக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. ‘திரும்பிடலாம்ணா’ என்கிற வார்த்தை தொண்டையில் தயாராக நின்றது. அது எனக்குப் பழகின வார்த்தை, தானாக வந்துவிடும். வந்த வழியே திரும்பினால் மலை இடது பக்கம் இருக்கும். அது சுற்று ஆகாது. நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு ஏரியைப் பார்த்தேன், காட்டைப் பார்த்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல் பாகூர்க்காரரைப் பார்த்தேன்.

அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் வேர்க்கடலை போட்டிருந்த மணிலாக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில் ஒரு வரப்பு போயிற்று. ஒரு சாண் அகலம் இருக்கும். மேலே வண்டித் தடம் இல்லை, ஆடு நடந்து நடந்து வழவழவென்று இறுகியிருந்தது.

“வரப்பு கீதேப்பா” என்றார்.

சைக்கிளைத் தூக்கி வரப்பில் வைத்தார். ஏறினார். தள்ளாடவே இல்லை. ஒரு கையில் உர மூட்டையைப் பிடித்துக்கொண்டு தினமும் கரும்புக் கொல்லை வரப்பில் சைக்கிள் விடுகிறவருக்கு அது ஹைவே. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தலை சின்னதாகிப் போயிற்று. நாங்களும் வரப்பில் ஏறினோம். முதலில் அண்ணன்காரன் மணிலாச் செடியில் விழுந்தான், அவன் மேல் தம்பி விழுந்தான். மேடம் விழுவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். மாஸ்டர் கொஞ்ச தூரம் போய், ரோட்டுப் பக்கமாக ஜல்லியில் சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். நான் விழவில்லை, அதற்குக் காரணம் நான் ஏறவே இல்லை. ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜல்லி ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஏரிக்கரை முடிகிற இடத்தில் அவர் மதகுச் சுவரில் உட்கார்ந்து பச்சை மணிலாவை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். கொல்லைக்காரம்மா ஒரு கொத்து பிடுங்கித் தந்தாராம். எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம், “இன்னா மாஸ்டர், வுழறதுலயும் ஜோடி ஜோடியாத்தான் வுழணும்னு சட்டமா?” என்றார்.

காஞ்சி ரோட்டைத் தாண்டியபோது மணி பன்னிரண்டு. என் கணக்குப்படி எமகண்டத்தில் எங்கேயாவது நிழலில் இருக்க வேண்டும். நான் நிறுத்தச் சொல்லவில்லை. நின்றால் முட்டி இறுகிவிடும் என்று அவர் மிதிக்கும் விதத்திலேயே தெரிந்தது. வேலூர் ரோட்டில் ஏறியதும் அவர் வலது காலைப் பெடலில் சும்மா வைத்துக்கொண்டு இடது காலால் மட்டும் மிதித்தார். முன்னால் மாஸ்டரைப் போகச் சொல்லிவிட்டு நான் அவர் பக்கத்தில் வந்தேன். ஒரு ஏற்றத்தில் என் உள்ளங்கையை அவர் முதுகில் வைத்துத் தள்ளிக் கொடுத்தேன்.

“கைய எடு.”

எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பேசிக்கொண்டே வந்தேன். அவருடைய போர் மோட்டாரில் என்ன கோளாறு, எந்தக் கம்பி போட்டேன், எத்தனை சுற்று, ஏன் அது இனிமேல் எரியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியாது. கேட்கிற மாதிரி அவ்வப்போது தலை அசைந்தது.

புறவழியில் திரும்பி, எங்கள் டீக்கடை கண்ணுக்குத் தெரிந்தபோது மற்றவர்கள் கடைக்கு நேரே போய் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. நாங்கள் புறப்பட்டது கடையிலிருந்து இல்லை, பாலத்துச் சுவரிலிருந்து என்று சொல்லிக் கடையைத் தாண்டிப் போனார். நானும் போனேன். சுவரைத் தொட்டபின்தான் காலைக் கீழே வைத்தார். காலையில் நின்ற அதே போலீஸ்காரர் அங்கே இருந்தார். எங்கே சுற்றிவிட்டு வருகிறீர்கள் என்றார்.

“மலையத்தான் சார். வெளிய வெளிய.”

போலீஸ்காரர் கூட்டத்தையும் பார்த்தார், எங்கள் மேல் இருந்த மண்ணையும் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுத் தன் பாட்டிலை நீட்டினார்.

முட்டி வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. இன்னும் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் திரும்பி மிதிக்க வேண்டும். மெதுவாகப் போகலாம் என்றார் பாகூர்க்காரர். நான் முடியாது என்றேன். நான் முடியாது என்று சொல்லி மற்றவர்கள் மறுக்காமல் நின்றது எனக்கு ஞாபகம் தெரிந்து அதுதான் முதல் தடவை. இந்தக் கவலை தப்பான கவலை இல்லை என்று எனக்கே உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரிந்தது. பூ மூட்டை இறக்கிவிட்டு விழுப்புரம் பக்கம் காலியாகத் திரும்புகிற ஒரு குட்டியானை சரக்கு வண்டியைத் தேடிப்பிடித்தேன். மாஸ்டர் தயங்கினார். வண்டியில் வந்தால் பயணத்தை முடித்தவர்கள் பட்டியலில் ஜோடியாக இரண்டு பேர் பெயரும் வராது, சட்டம் சட்டம்தான் என்றார்.

“பட்டியலு கெடக்குது” என்றார் பாகூர்க்காரர், காலை நீட்டி வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டே. “சுத்திட்டேன்ல?”

“சுத்திட்டீங்கண்ணா” என்றார் மாஸ்டர். அதை அவர் சொன்ன மாதிரி பட்டியலில் எழுத முடியாது.

சைக்கிள்களுக்கு நடுவே, சிதறிக் கிடந்த சாமந்தி இதழ்கள் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் தன் வீட்டுக்குப் போன் போட்டு, சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்தார். சுத்திட்டேன் என்றார். அந்தப் பக்கம் அவருடைய சம்சாரம் நம்பவில்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் மத்தியானம் வீட்டில் வந்து நின்ற மனுஷன் ஆயிற்றே. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“ஏம்பா, நெசமாவே சுத்தினாரா?”

“சுத்தினாருக்கா. நான் கூடவேதான் இருந்தேன்.”

“கோயிலுக்கு உள்ள போனீங்களா?”

“இல்லக்கா.”

“அவ்ளோ தூரம் போயி சாமியப் பாக்காம வரீங்களா ரெண்டு பேரும்?”

பாகூர்க்காரர் போனைப் பிடுங்கி, மலையே சாமிதான்டி, அதைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன் என்று கத்தினார். அப்படியென்றால் கூட்டத்தில் முட்டி வலிக்க நடந்தீர்களா என்று அந்தம்மா கோபமாகக் கேட்டார். இல்லை என்றார். பின்னே எப்படிச் சுற்றினீர்கள் என்றார். பாகூர்க்காரர் களைத்துப்போயிருந்தார். போனை என் மடியில் வைத்துவிட்டு, நீ சொல்லு, நீ சொன்னாத்தான் நம்புவா என்று கண்ணை மூடிச் சாய்ந்தார்.

நான் காலை நாலு மணியிலிருந்து ஆரம்பித்தேன். எதையும் விடாமல் சொல்வது என் வழக்கம். அந்தம்மா ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டி வேட்டவலத்தைத் தாண்டும்போது நான் இன்னும் ஜல்லி ரோட்டில்தான் இருந்தேன்.